முயல் முத்திரைச் சட்டை

செந்தில், நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப்போவதில்லை. முந்தாநாள்தான் போனில் பேசினோம். சாப்பாடு, தூக்கம், முதுகுவலி எல்லாம் கேட்டு முடித்தாகிவிட்டது. போனில் சொல்ல வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் காகிதம். இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். இரண்டு முறையும் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டாய். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பத்தாவது வரை படித்தவள் நான். இத்தனை வருடம் கழித்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி. இதைப் பீரோவில் ஒளித்து வைக்க வேண்டாம். யார் கேட்டாலும் படிக்கக் கொடு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

அடுத்த மாதம் பீச் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில், அந்தப் பிரெஞ்சுக்கார முசியேவின் மஞ்சள் சுவர் வீட்டில் உன் கடையைத் திறக்கிறாய். நான் வந்து விளக்கேற்ற வேண்டும் என்கிறாய். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில், நீ பதினோரு வயதில் போட்டிருந்த முயல் சட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்போகிறாய். அதற்குக் கீழே வைக்கிற அட்டையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாய். "செக்கிங்கில் ஒரு தப்புகூட விடாத என் அம்மாவுக்கு அவர் வேலை செய்த கம்பெனி பரிசாகக் கொடுத்த சட்டை. என் தொழில் இதிலிருந்துதான் பிறந்தது" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்தச் சட்டையை எனக்கு யாரும் பரிசாகக் கொடுக்கவில்லை, செந்தில். அதை நான் திருடினேன். அதற்காக வேறொருத்தி வேலையை விட்டுப் போனாள்.

எழுதிவிட்டேன். எழுதினால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அதனால் நடந்ததை நடந்த மாதிரியே சொல்கிறேன்.

முதலில் உன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருடம் நான் திருப்பூருக்கு உன் தையல் யூனிட்டைப் பார்க்க வந்தபோது நீ ஒவ்வொரு சட்டையாக விரித்துக் காட்டினாய். ஒன்றில் இறக்கை வைத்த சக்கரம், ஒன்றில் கிரீடம், இன்னொன்றில் மலையும் சுரங்கமும். எல்லாம் எந்தெந்த நாட்டிலோ ஓடிய ரயில் கம்பெனிகளின் முத்திரை என்றாய். "இதெல்லாம் எப்பவோ மூடுன கம்பெனிம்மா" என்று பெருமையாகச் சொன்னாய். "மூடுனவனுக்கு எதுக்குடா சட்ட?" என்று கேட்டேன். "அதுலதான் அழகே இருக்கு" என்றாய். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. உன் அப்பா வேலை செய்த மில்லை மூடினார்கள். அதன் பேரை யாராவது சட்டையில் போட்டுக்கொண்டு இந்த ஊரில் நடந்து பார்த்திருக்கிறாயா? கடைசி வரைக்கும் அவர் அந்த மில் வாசல் வழியாகப் போகவே மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். தாங்கள் ஏறியே இருக்காத ரயிலின் பேரை நெஞ்சில் போட்டுக்கொள்ள பெங்களூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் உன்னிடம் வருகிறார்கள். தப்பு என்று சொல்லவில்லை. எனக்கு விளங்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

அந்த முயல் சட்டை ஆர்டர் எங்கள் கம்பெனிக்கு வந்தபோதும் எங்களுக்கு விளங்கவில்லை. நானும் தனலட்சுமியும் தைத்து வந்ததில் குறை பார்க்கிற ஒரே செக்கிங் டேபிள். உனக்கு அவளைத் தெரியும், தனம் அத்தை என்று கூப்பிடுவாய். வைத்திக்குப்பத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் அங்கே படகில் மீன்பிடிக்கப் போகிறவர். ரேவதி என்று ஒரே பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள், வாய் மட்டும் முப்பது வயது பெரியது. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் காதைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடுகிற முயல், சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. சின்னப் பிள்ளைகள் அளவில் மட்டும் ஆயிரக்கணக்கில் வந்தது. "ஏதோ நர்சரி ஸ்கூல் யூனிபாரம்" என்றேன். கட்டிங்கில் இருந்த ஒருவர்தான் இது குளிர் நாட்டில் ஓடிய ரயில் கம்பெனியின் முத்திரை, அந்தக் கம்பெனி இப்போது இல்லை என்றார். தனம் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "யக்கா, முயலுக்கும் ரயிலுக்கும் என்னா சம்மந்தம்? ஆம போட்டிருந்தாகூட நம்மூர் ரயிலுக்குச் சரியா இருக்கும்" என்றாள். டேபிளே சிரித்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கிற வரைக்கும் சிரித்தோம்.

அந்த ஆர்டருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பிரிண்டிங் சரியில்லாத பீஸ் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. அந்த முத்திரையோடு ஒரு துணி வெளியே போனால் வாங்குகிறவன் ஆர்டரையே நிறுத்திவிடுவான் என்று சொல்லியிருந்தார்கள். ரிஜெக்ட் ஆனதை எண்ணிக் கட்டி வைக்க வேண்டும். மறுநாள் காலையில் சூப்பர்வைசர் திரும்ப எண்ணி, முத்திரையின் குறுக்கே கத்தரி போட்டு மூட்டையில் தள்ளுவார். நல்ல துணி, நல்ல தையல், ஒரு மூலையில் மை இழுத்திருக்கும், அவ்வளவுதான். அதை வெட்டுவதைப் பார்க்க எங்களுக்கு வயிறு எரியும். ஆனால் சட்டம் சட்டம்தான்.

அந்த வாரத்தில்தான் உன் டீச்சரைப் பார்க்க வந்தேன். உனக்கு நினைவிருக்காது. கணக்கு நோட்டு விஷயமாகக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சோடு பேச்சாக டீச்சர், "உங்க பையனுக்கு பர்த்டே லீவுல வருது போல, ஒரு வருஷம்கூட கலர் டிரெஸ் போட்டு சாக்லேட் குடுத்தது இல்ல" என்றார். உன் பிறந்தநாள் லீவில் வராது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? போட்டுக்கொள்ள ஒரு நல்ல கலர் சட்டை இல்லை என்பதற்காக இரண்டு வருடம் நீ டீச்சரிடம் பொய் சொல்லியிருக்கிறாய். வீட்டில் வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பாவுக்கு மில் போன சமயம், கேட்டாலும் கிடைக்காது என்று பத்து வயதில் நீயே முடிவு செய்துவிட்டாய். நீ அழுது அடம்பிடித்திருந்தால் இரண்டு அடி வைத்துவிட்டு மறந்திருப்பேன். நீ கேட்காமல் இருந்ததுதான் என்னை என்னவோ செய்தது. இதை என் தப்புக்குச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகத்தான் சொல்கிறேனோ என்னவோ, எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

உன் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால். ரேவதிக்குக் காய்ச்சல் என்று தனம் சொல்லிவிட்டு அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள். போகும் முன் ரிஜெக்ட் பீஸ்களை அவள்தான் எண்ணிக் கட்டி வைத்தாள். மேலாக ஒரு சட்டை, முயலுக்கு ஒரு காது மட்டும் மை ஒட்டாமல் அழிந்திருந்தது. உன் அளவு. நான் யோசித்ததாக ஞாபகமே இல்லை. பாத்ரூமுக்குப் போனேன், மடித்து வயிற்றோடு வைத்துப் பாவாடை நாடாவை இறுக்கினேன், மேலே புடவையைச் சரி செய்தேன். வாசலில் பையை மட்டும்தான் பார்ப்பார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார்ந்தால் தெரிந்துவிடுமோ என்று பயம். நாளைக்கு வெட்டிப் போடப்போகிற துணிதானே, யாருக்கு நஷ்டம் என்று வீடு வரும் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. சூப்பர்வைசர் எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நேத்து யாரு முன்னாடி போனது?" என்றார். தனம், "நான்தான் சார், உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, "ரிஜெக்ட் கட்டுனது யாரும்மா?" என்று கேட்டார். நான், "அவதான் சார் கட்டி வெச்சா" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, செந்தில். அவள்தான் கட்டினாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் மீதியைத் தானே சேர்த்துக்கொண்டார். தனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு மணிக்கு அவளை வாசலுக்குக் கூட்டிப் போய், எல்லோரும் பார்க்கப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ரேவதிக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரை. சட்டை இல்லை. இருந்தாலும் அவளைத் திரும்ப உள்ளே விடவில்லை.

அதற்கு மறுநாள், உன் பிறந்தநாளன்று, நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். "கம்பெனில எனக்குப் பரிசு குடுத்தாங்கடா, ஒரு தப்புகூட விடாம பாத்ததுக்கு" என்று சொல்லியிருந்தேன். "ஏம்மா முயலுக்கு ஒரு காது இல்ல?" என்று கேட்டாய். "அவ்ளோ வேகமா ஓடுதுடா, கண்ணுக்குத் தெரியல" என்றேன். நம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அந்த எழுத்து என்ன, அந்த ரயில் எங்கே ஓடியது என்று அலைந்தாய். நோட்டு முழுக்க ரயில் முத்திரையாக வரைந்தாய். ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்டேஷனில் போய் நின்றாய். சட்டை சிறுத்துப் போனபின்னும் தலையணைக்குள் திணித்து வைத்துக்கொண்டு தூங்கினாய். நீ அதைத் தொடும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் வரும், வாசலில் கொட்டிய தனத்தின் பையும் கண்முன்னால் வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் அதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை.

நான் அந்தக் கம்பெனியில் இன்னும் ஆறு வருடம் வேலை செய்தேன். அதுவும் மூடிவிட்டது. தனத்தை நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது சின்ன வார்த்தை. ஒளிந்தேன். அவள் மாமியாரோடு மீன் விற்க உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் வைத்திக்குப்பம் பக்கம் மீன் வாங்கப் போவதையே விட்டேன். "அங்கதான ஃபிரஷ்ஷா கெடைக்கும், ஏன் போ மாட்டேங்கற?" என்று அப்பா கேட்டபோது, அவர்கள் ஐஸ் போடுகிறார்கள் என்று அந்த ஊர்மேலேயே ஒரு பொய்யைப் போட்டேன். அப்பா சாகும்வரை அவரிடமும் சொல்லவில்லை. வருடம் போகப்போக, அது நடக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளவும் எனக்குப் பழகிவிட்டது. நீ அந்த அட்டையை அனுப்புகிற வரைக்கும்.

அட்டையைப் பார்த்த மறுநாள் காலையில் கிளம்பி வைத்திக்குப்பம் போனேன். என்ன பேசுவது என்று யோசிக்காமல்தான் போனேன். படகுகள் கரையேறியிருந்தன. பெண்கள் வரிசையாகக் கூறு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தனம் கடைசியில் இருந்தாள். முடி நரைத்து, உடம்பு பெருத்து, குரல் மட்டும் அதே குரல். குனிந்து சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டே, "என்னா மீனு வேணும்?" என்றாள். நான் பதில் சொல்லாததால் நிமிர்ந்தாள். "யக்கா," என்றாள். "பதினாலு வருசம் கழிச்சு மீன் வாங்க வந்தியா?"

"தனம், அந்தச் சட்டைய நான்தான் எடுத்தேன்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எப்பிடித் தெரியும்?"

"உம் புள்ளதான் சொன்னான்."

செந்தில், அந்த வருட மாசி மகத்துக்கு நீ பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனாயாம். சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கியிருந்த கூட்டத்தில் தனத்தைப் பார்த்துவிட்டு ஓடினாயாம். உனக்கு நினைவிருக்கிறதா? "தனம் அத்தன்னு ஓடியாந்தான்க்கா," என்றாள். "அத்த, எங்க அம்மாவுக்குக் கம்பெனில பரிசு குடுத்தாங்க பாத்தியான்னு நெஞ்ச நிமித்திக் காட்டறான். ஒரு காது போன முயலு. அந்தப் பீஸ ரிஜெக்ட்ல போட்டதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

"நீ என்ன சொன்ன?"

"நல்லாருக்குடான்னேன். வேற என்னாத்தச் சொல்றது, அந்தப் புள்ளகிட்ட?"

"அப்பறம் ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?"

ஒரு அம்மாள் வந்து மீன் கேட்டாள். தனம் பேசி, பொறுக்கிப் போட்டு, அனுப்பிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். உன் தெருவுல வந்து நின்னு கத்தணும்னு ஒரு வாரம் அதே நெனப்பு. கெளம்புனா அந்தப் புள்ள மூஞ்சி வந்து நிக்கும். அப்பிடியே போயிடுச்சு. உம்மேல எரக்கப்பட்டேன்னு நெனச்சுக்காத. ரெண்டு வருசம் உன்ன நான் திட்டாத திட்டு இல்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "இப்ப எதுக்கு வந்த? என் மனசு ஆறவா, உன் மனசு ஆறவா?"

"தெரியலடி" என்றேன். அதுதான் உண்மை. அவள் சிரித்துவிட்டாள். கிண்டலா, கோபமா, பாவம் என்று நினைத்தாளா, எனக்குப் பிடிபடவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். கம்பெனியும் இல்ல, அந்த சூப்பர்வைசரும் இல்ல. ரேவதிகிட்டப் போய்ச் சொல்லு."

"நீ சொல்லலியா அவகிட்ட?"

"சொன்னேன். நான் எடுக்கலடின்னு தலயில அடிச்சுச் சத்தியமாச் சொன்னேன். பதிமூணு வயசுல நம்பல. இன்னி வரைக்கும் நம்பல. வருவா, பிரஷர் செக் பண்ணுவா, மாத்திர எடுத்து வெப்பா, போயிடுவா. ஒக்காந்து ஒரு வார்த்த பேச மாட்டா."

ரேவதி இப்போது நம்மூர் கதிர்காமத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். மறுநாள் அவள் டியூட்டி முடிகிற நேரம் கேட்டில் நின்றேன். நான் பார்த்த காய்ச்சல் பிள்ளை இல்லை, என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். நான் செந்தில் அம்மா என்றதும் முகம் மாறவில்லை. "யாரையாவது சேத்திருக்கீங்களா? எந்த வார்டு?" என்று கேட்டாள். அதில்லை என்று சொல்லி, சுவர் ஓரமாகத் தள்ளி நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். பாவாடை நாடா முதல் வாசலில் கொட்டிய மாத்திரை வரைக்கும். அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அவள் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"எங்க அம்மா உங்களச் சொல்லச் சொல்லிச்சா?"

"ஆமாம்மா, அவதான் உன்கிட்ட சொல்லச் சொன்னா."

"அதான பாத்தேன்" என்றாள். "ரெண்டு பேரும் அப்பவே அவ்ளோ ஃபிரண்டு. அதுக்காக நீங்க வந்து பழிய ஏத்துக்கறீங்க. வேணாம் பெரிம்மா. நானும் மறந்துட்டேன்."

செந்தில், அன்றைக்கு நான் தடுமாறியது போல என் வாழ்நாளில் தடுமாறியதில்லை. பொய் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொல்ல பதினாலு வருடம் எடுத்துக்கொண்டேன், அது பொய் என்கிறாள். சாமி மேல் சத்தியம் செய்யட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். நாலடி நடந்து போனாள். நான் பின்னாலேயே போய், "நான் என்ன செஞ்சா நம்புவ?" என்று கேட்டேன். நின்றாள்.

"உங்க புள்ள கடையப் பத்திப் போட்ட வீடியோ பாத்தேன்," என்றாள். "எங்க அம்மாவுக்குப் பரிசா வந்த சட்டைன்னு சொல்றாரு. அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கு எழுதுங்க. போன்ல இல்ல, எழுதுங்க. தபால்ல போடறதுக்கு முன்ன நான் படிக்கணும். ஊர்ல யாருக்காக வேணா யாரு வேணா பொய் சொல்லுவாங்க. பெத்த புள்ளகிட்ட நான்தான் திருடின்னு எந்த அம்மாவும் பொய் சொல்ல மாட்டா." பிறகு இன்னொன்றும் சொன்னாள். "ஒளிச்சு எழுதாதீங்க. எங்க அம்மாவத் திருடின்னு தெரு முழுக்கத் தெரிஞ்சுது. இதுவும் தெரியட்டும்."

அதனால்தான் இந்தக் கடிதம். உனக்காக எழுதுகிறேனா, அவளுக்காக எழுதுகிறேனா என்று கேட்காதே. தனம் கேட்டபோதும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு அம்மா மகனுக்கு எழுதினால் நாலு புத்தி சொல்ல வேண்டும். நான் எந்த வாயால் சொல்வது? ஆனாலும் உன் யூனிட்டில் இருபது பெண்கள் வேலை செய்கிறார்கள், அதனால் இதை மட்டும் கேட்டுக்கொள். ஒரு பீஸ் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். ஒருத்தியை நிற்க வைத்து இன்னொருத்தியைப் பற்றிக் கேட்காதே. பயந்தவள் வாயிலிருந்து வருகிற உண்மையும் யாரையாவது கடித்துவிடும். ரிஜெக்ட் ஆனதை வெட்டாதே, அவர்களிடமே கொடுத்துவிடு, பிள்ளைகள் போட்டுக்கொள்ளட்டும். முத்திரை வெளியே போனால் உன் தொழில் கெடுமா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நீ எனக்கு என்ன சொன்னாலும் புரியப்போவதில்லை. இன்னொன்று, நாளைக்கு உனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தால், அது எதையும் கேட்காமல் சமத்தாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதே. எதைக் கேட்காமல் இருக்கிறது என்று பார்.

கடைக்கு நான் வர வேண்டுமா, அந்தச் சட்டையை மாட்ட வேண்டுமா, அட்டையில் என்ன எழுத வேண்டும், எல்லாம் உன் முடிவு. உன் மேல் நம்பிக்கை வைத்து வருகிறவர்களிடம் உண்மையைச் சொன்னால் உன் பேர் கெடும் என்று ஒரு மனசு சொல்கிறது. சொல்லாவிட்டால் என்ன கெடும் என்று இன்னொரு மனசு கேட்கிறது. உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும். ஒரு வாரம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியதில் ஒரு தப்பும் இல்லை. அது உனக்கு நான் கொடுத்தது. தப்பு அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, என்னோடு.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். இன்று மதியம் ரேவதியிடம் எடுத்துக்கொண்டு போனேன். கதிர்காமம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து படித்தாள். எவ்வளவு மெதுவாகப் படித்தாள் தெரியுமா? இரண்டு பஸ் வந்து போனது. சட்டை எடுத்த பத்தியைத் திருப்பிப் படித்தாள். வாசலில் பையைக் கொட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "மாத்திர இருந்துதா பையில?" என்று கேட்டாள். இருந்தது, நானே பார்த்தேன் என்றேன். "அம்மா என்கிட்ட மாத்திரையப் பத்திச் சொல்லவே இல்ல" என்றாள்.

பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, "நான் இதுல ஒரு வரி எழுதலாமா?" என்றாள். எழுதும்மா என்று கொடுத்தேன். கீழே இருக்கிற கையெழுத்து அவளுடையது. நான் ஒன்றும் மாற்றவில்லை.

*அன்று கம்பெனியிலிருந்து யாரோ போன் செய்து, அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்பே தெருவுக்குச் செய்தி வந்துவிட்டது. நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அம்மா சாயங்காலம் வரை வெளியே உட்கார்ந்திருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை.*

படித்துவிட்டு நான் என்ன சொல்வது? அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்லலாம். சொன்னால் அவள் ஒப்புக்கொண்டதையும் நான் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது. சரியா தப்பா தெரியவில்லை, காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் மணி பார்த்தாள். "இந்த நேரத்துல அம்மா எங்க இருக்கும், பெரிம்மா? வீட்டுலயா, பீச்சுலயா?" என்று கேட்டாள். பெற்ற தாய் எந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்று என்னிடம் கேட்டாள். தனம் சொல்லி எனக்கும் இந்த வாரம்தான் தெரியும். மதியம் வீட்டில் படுத்திருப்பாள், நாலு மணிக்கு மேல் படகுத்துறையில் இருப்பாள் என்று சொன்னேன். டவுன் பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இந்தக் கடைசி வரிகளை அவள் விட்டுப் போன இடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலாபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும். படித்து முடித்ததும் எனக்கு போன் செய்ய வேண்டாம். முதலில் தனம் அத்தைக்குச் செய். நம்பர் ரேவதியிடம் வாங்கி உறைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அம்மா